புதூர்நாட்டு மலையில் நான் பார்க்காத கரடி

அல்லாஹ்வின் பேரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பல வருஷமாகவே உண்டு. காகிதம் வாங்கி வைப்பேன். நாம் என்ன ஆலிமா, பெரிய எழுத்தாளரா, நம் எழுத்தை யார் கேட்டார்கள் என்று தோன்றும். அப்படியே விட்டுவிடுவேன். காகிதத்தைப் பிள்ளைகள் எடுத்துக் கப்பல் செய்து சாக்கடையில் விட்டுவிடும். எழுத உட்கார்ந்தாலும் அந்த ஒரு நாளின் வயிற்றெரிச்சல் முழுக்க மறுபடி மேலே ஏறிவரும். கோபம் தணியட்டும் என்று கைகால் முகம் கழுவி ஒளு செய்யப் போய்விடுவேன்.

போன மாதம் ஆட்டுத்தோல் பார்க்கச் செங்கம் சந்தைக்குப் போயிருந்தேன். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னிடமே சொல்கிறார்: "வாணியம்பாடியில ஒரு பெரியவர் இருந்தாருங்க. புதூர்நாட்டு மலையில அவர் தொழுதா கரடி பின்னால வந்து தலை குனிஞ்சு நிக்குமாம். புலிகூட வருமாம். இப்ப அவர் இல்ல, மௌத்தாயிட்டாரு. கபுரு அங்கதான் இருக்குதாம்."

"அந்த ஆள் நான்தாங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

கதை என் சமாதி வரைக்கும் வந்துவிட்டபிறகு சும்மா இருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். வாணியம்பாடியில் ஒரு தோல்ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே வெள்ளாடா செம்மறியா, மேய்ந்த ஆடா கட்டிப்போட்டு வளர்த்ததா என்று சொல்லிவிடுவேன். ஆனால் காட்டு மிருகம் ஒன்றைக்கூட உயிரோடு பார்த்தவன் இல்லை. என் மனைவி மைமூன் கல்யாணமான புதிதில் ஒன்று கேட்டாள். "கணியம்பாடிப் பக்கம் அமிர்தி காட்டுல மானுங்க ஓடுமாமே. ஒரு தடவை காட்டுறீங்களா?" காட்டுகிறேன் என்றேன். பிள்ளைகள் பிறந்தன, வளர்ந்தன. அமிர்திக்கு நாங்கள் போகவே இல்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

கரீம் பாய் என் சகலை. மைமூனின் அக்கா ஜுலைகாவின் மாப்பிள்ளை. பெரிய ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், கொடுக்கிற கை. ஆனால் அவர் எதைச் செய்தாலும் பத்துப் பேர் பார்க்கிற மாதிரிதான் செய்வார். நயா பைசா வந்த புதிதில், பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஆஸ்பத்திரி வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்தார். நோயாளிகளைப் படுக்கவைக்கிற பலகைகள் உள்ளேயே இருந்தன. அவற்றுக்கு மெத்தை தைத்தார். ஸ்டவ் வைக்க மேடை கட்டினார். கூரைமேல் தண்ணீர்த் தொட்டி பொருத்தி, உள்ளே ஒரு பித்தளைக் குழாய் இறக்கினார். பெண்கள் கோஷாவோடு வர வேண்டும் என்பதால் ஜன்னலுக்கெல்லாம் பச்சைத் திரை. டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவிலும் ஒரு திரை. உள்ளே இருந்து வெளியே பார்க்கலாம், வெளியே இருந்து உள்ளே தெரியாது.

"வூடே போவுது பார் தம்பி" என்று அவர் தெருவெல்லாம் ஓட்டிக் காட்டினார்.

என் வீட்டில் குழாய் கிடையாது. மைமூன் தெருமுனையிலிருந்து குடத்தில்தான் கொண்டுவருவாள். வண்டியைப் பார்க்க வந்த அன்று அவள் அந்தப் பித்தளைக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து ஒரு விரலை நனைத்துக்கொண்டு மூடினாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பலாப்பழம் பழுக்கிற காலத்தில் ஒரு நாள் கரீம் பாய் வந்து, "ஜவ்வாது மலைக்குப் போறோம், ரெண்டு நாளு. மைமூனுக்கு மானு காட்டுறேன்னு அக்காக்காரி வாக்குக் குடுத்துட்டா" என்றார். நான் கொடுத்த வாக்கு இருக்க, மேலே இன்னொரு வாக்கு! மைமூன் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். மலையில் முதல் மிருகத்தை அவளுக்கு நான்தான் காட்ட வேண்டும். கரீம் பாய் இல்லை, நான். வேறு எதுவும் அல்லாஹ்விடம் கேட்கவில்லை.

பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, விடியல் சுபுஹு தொழுத கையோடு கிளம்பினோம். திருப்பத்தூரில் டீ குடித்தோம். எங்கள் ஊர் டீக்கு முன்னால் அது வெந்நீர்தான். கரீம் பாய் ரெண்டு கிளாஸ் குடித்துவிட்டு, "தேன் மாதிரி இருக்குது" என்றார். அவருக்கு எதுவுமே குறையாகத் தெரியாது. அதுவும் எனக்குப் பொறாமைதான்.

மலையடிவாரத்தில் மண்பாதை ஆரம்பித்தது. மரமும் புளியும் ஏற்றிவருகிற லாரிகள் போகிற பாதை அது. நான் முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் மிருகத்தைப் பிடிக்க அதுதான் நல்ல இடம் என்று காலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். முதல் வளைவு வந்ததும்தான் அந்தச் சீட்டுக்கு ஒரு வேலை உண்டு என்று தெரிந்தது.

"தம்பி, எறங்கு. கட்டை வை" என்றார் கரீம் பாய்.

பெரிய வண்டி. ஒரே ஒடிப்பில் வளைவு திரும்பாது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போக வேண்டும். பின்னால் வரும்போது பள்ளத்தில் உருளாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைக்க வேண்டும். லாரியில் கிளீனர் செய்கிற வேலை. ஆக, தோல்ஷாப்பில் தரம் பிரிக்கிற நான் மலையில் கிளீனர் ஆனேன்.

இரண்டாவது வளைவோ மூன்றாவதோ, நான் சக்கரத்தடியில் குனிந்து கட்டையை உதைத்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து சத்தம்.

"பார் பார்! கடமான்! ஜுலைகா, வலப்பக்கம் திரையைத் தூக்கு! கொம்பைப் பார், கொம்பை!"

உள்ளே பெண்கள் ரெண்டு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. நான் மட்கார்டில் தலையை இடித்துக்கொண்டு எழுந்து ஓடினேன். மூங்கில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"இன்னா தம்பி, எங்க பூட்ட?" என்றார் கரீம் பாய். "எம்மாம் பெரிசு! குதிரை கணக்கா. உன்னையே பார்த்துகினு இருந்துச்சு."

அது என்னைப் பார்த்ததாம். நான்தான் அதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ரேடியேட்டர் கொதித்தது. வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். தண்ணீரோடு ஏறிவந்தால், மலையணில் பார்த்துவிட்டார்களாம். பூனை பெரிசு, செம்பட்டை நிறம், வால் மட்டும் ஒரு முழம், கிளைக்குக் கிளை தாவியதாம். ஜுலைகா திரைக்குப் பின்னால் இருந்தே ஒரு கையை வெளியே நீட்டி வாலின் நீளம் காட்டினாள். அக்காவும் தங்கையும் தங்களுக்குள் உர்துவில்தான் பேசிக்கொள்வார்கள். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உன் வீட்டுக்காரர் மறுபடி கோட்டைவிட்டுட்டாரா?"

"மெதுவாப் பேசு அக்கா. காது கேட்கும்."

"கண்ணு தெரிஞ்சா போதும்னு நான் துஆ செய்யறேன்."

காது நன்றாகவே கேட்டது.

மேலே ஏற ஏற ஊர் கீழே போனது. ஒரு திருப்பத்தில் கரீம் பாய் வண்டியை நிறுத்தினார். திருப்பத்தூர் ஏரி ரசம் பூசிய கண்ணாடித்துண்டு மாதிரி மின்னியது. எதிரே ஏலகிரி நீலமாகப் படுத்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு புகைக்கோடு. காற்றில் தோல்வாடை இல்லை. இத்தனை வருஷம் அந்த வாடையிலேயே இருந்தவனுக்கு, அது இல்லாத காற்று மூக்கில் ஏதோ காணாமல் போனதுபோல இருந்தது. சுப்ஹானல்லாஹ் என்று என்னையறியாமல் சொன்னேன். உடனே பக்கத்தில் கரீம் பாயும் சொன்னார், என்னைவிடச் சத்தமாக.

மதியத்துக்கு ஒரு சிற்றூரில் நிறுத்தினோம். புதூர்நாட்டைச் சேர்ந்த ஊர். பத்துப் பதினைந்து குடிசைகள், சுற்றிலும் சாமை விதைக்க உழுத கொல்லைகள், புளியமரங்கள். ஜீப் எப்போதாவது வரும், பஸ் வராது. நாங்கள் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. கைக்குழந்தையோடு ஒருத்தி, காலில் கட்டுப்போட்ட ஒருவர், தாடையைத் துணியால் கட்டிக்கொண்ட ஒரு பெரியவர், எல்லாரும் வண்டிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் பார்த்தோம். கரீம் பாய் அடித்த பச்சைப் பெயின்ட் வெயிலில் வெளுத்து, அடியில் இருந்த பழைய சிவப்புச் சிலுவைக்குறி மெல்ல வெளியே தெரிந்தது. ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது என்று எல்லாரும் வந்திருக்கிறார்கள்.

"டாக்டரய்யா, பல்லு உசிரு போவுதுங்க" என்றார் தாடைக்காரர், கரீம் பாயைப் பார்த்து. வயிறு பெரிதாக இருக்கிறவர்தான் டாக்டர் என்று முடிவு செய்திருப்பார்.

கரீம் பாய் அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, உங்கிட்ட கிராம்புத் தைலம் இருக்குமே" என்றார். இருந்தது. எனக்குக் கடைவாயில் தொந்தரவு உண்டு, எங்கே போனாலும் அந்தச் சீசாவோடுதான் போவேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பெரியவரின் முகம் தெளிந்தது. காலில் கட்டுப்போட்டவருக்கு மைமூன் புதுத் துணி கிழித்துக் கொடுத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். அதை மட்டும் கீழே திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், நாளைக் காலையில் தாயோடு ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று கரீம் பாய் சொன்னார். சொன்னபடியே மறுநாள் கொண்டுபோனோம். அல்ஹம்துலில்லாஹ், குழந்தை பிழைத்தது.

பல்வலிக்காரர் போய் ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிவந்தார். சின்ன ஆடு அளவு இருந்தது. அதை நேராகக் கொண்டுபோய்க் கரீம் பாயின் காலடியில் வைத்தார்.

"எங்க மரத்துதுங்க டாக்டரய்யா. தேனு."

தைலம் என்னுடையது. என் பல்வலிக்காக வாங்கிய தைலம். பழம் அவருக்கு. கரீம் பாய், "இன்னாத்துக்குப் பெரியவரே இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே அதை வண்டியில் ஏற்றிவிட்டார். தைலம் தம்பியுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அங்கேயே சாமை அரிசி வாங்கி, ஜுலைகா ஸ்டவ்வில் சோறு வைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கைமாவைப் போட்டுச் சாப்பிட்டோம். நெல்லுச்சோற்றைவிட லேசாக, வாயில் நிற்காமல் ஓடியது. கை கழுவ மைமூன் பித்தளைக் குழாயைத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீரில் கை நனைத்தபோது எனக்கு மறுபடி எரிச்சல் வந்தது.

இனி சாயங்காலம், அஸர் தொழுகை நேரத்து விஷயம். இதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். கதை திரிந்தது இங்கேதான்.

அன்று தங்குவதற்கு ஓடைக்கரையில் ஒரு சமதளம் பார்த்து வண்டியை நிறுத்தினோம். ஒரு பக்கம் பாறை, அதையொட்டி ஒரு நாவல் மரம், இன்னொரு பக்கம் மூங்கில் புதர். பலாப்பழத்தைக் கரீம் பாய் வண்டிக்கும் பாறைக்கும் நடுவே சாக்கு விரித்துப் பிளந்துபோட்டார். வாசனை ஊரைத் தூக்கியது. பெண்கள் வண்டியில் இருந்தார்கள். நாங்கள் ஓடையில் ஒளு செய்துவிட்டுப் பாறைமேல் தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தோம். மேற்கே பார்த்து நின்றால் வண்டியும் பலாப்பழமும் எங்கள் முதுகுக்குப் பின்னால்.

"ரெண்டு ரக்அத்துதானே தம்பி?" என்றார் கரீம் பாய்.

நின்று ஓதி, குனிந்து, தரையில் இருமுறை நெற்றி வைப்பது ஒரு ரக்அத்து. பயணத்தில் இருக்கிறவர்கள் நாலு ரக்அத்துத் தொழுகையை ரெண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது மார்க்கம் கொடுத்த சலுகை. ஆனால் அதற்கு இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. வாணியம்பாடியிலிருந்து புதூர்நாடு அவ்வளவு தூரம் இல்லை.

"நாலு பாய். தூரம் பத்தாது" என்றேன்.

"காலையில இருந்து முதுகு ஒடியுது, தூரம் பத்தாதா? வளைஞ்சு வளைஞ்சு வந்தோமே, அந்த வளைவெல்லாம் சேர்த்துக்கோ."

"அப்படிச் சேர்த்தாலும் பத்தாது. அதோட, நீங்கதானே பாய் வூடே போவுதுன்னு சொன்னீங்க? வூட்டோட வந்தவன் எப்படிப் பயணி ஆவான்? வூட்டுக்கு வெளிய முசல்லா போட்டுகினு நிக்கிறோம். அவ்ளோதான்."

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளே இனித்தது. நாள் முழுக்கத் தோற்றவன், ஒரு இடத்தில் ஜெயித்தேன்.

"உனக்கு நாலு, எனக்கு ரெண்டு. அல்லா பார்த்துப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் தனியாகத் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தார். நானும் தனியாகக் கட்டிக்கொண்டேன்.

அவர் ரெண்டு முடித்து ஸலாம் கொடுத்தது கேட்டது. நான் மூன்றாவதுக்கு எழுந்தேன். அதற்குப் பிறகு அவர் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் என் பின்னால் ஒரு சத்தம். சுளையை உறிஞ்சி இழுக்கிற சத்தம். சப்புக்கொட்டுவது, மூக்கால் ஊதுவது, மறுபடி உறிஞ்சுவது.

கரீம் பாய் பலாப்பழம் தின்கிறார் என்று நினைத்தேன்.

படிக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். தொழுகையில் நிற்கிறேன், திரும்பிப் பார்க்கக் கூடாது, வாய் ஓதுகிறது, மனசு பலாப்பழத்தில் இருக்கிறது. என் தைலத்துக்கு வந்த பழம். பாதித் தொழுகையோடு எழுந்துபோய் உட்கார்ந்து, சகலையைக் கூப்பிடாமல், இப்படிச் சத்தம் போட்டா ஒரு மனுஷன் தின்பான்? அப்போது மேலே எங்கேயோ இருந்து, "ஸ்ஸ்... தம்பி... தம்பி..." என்று மெல்லிய குரல். சீக்கிரம் முடி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முடிக்க மாட்டேன். முழுசாகத் தொழுகிறவன் எப்படித் தொழுவான் என்று பார்க்கட்டும். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவன் எடுக்கவே இல்லை. வழக்கமாக மூன்று முறை ஓதுவதை எத்தனை முறை ஓதினேன் என்று தெரியாது. எழுந்து, மறுபடி ஸஜ்தா, அதுவும் நீளம். கடைசி ரக்அத்தும் அப்படித்தான்.

கடைசி இருப்பில் உட்கார்ந்திருந்தபோது படார் என்று ஒரு கிளை முறிந்தது. தொப்பென்று ஏதோ விழுந்தது. பின்னால் மூங்கில் புதர் சடசடவென்று முறிந்துகொண்டு போனது. நான் ஓதி முடித்து, வலப்பக்கம் ஸலாம் கொடுக்கத் திரும்பினேன்.

நாவல் மரத்தடியில் கரீம் பாய் உட்கார்ந்திருந்தார். தொப்பியில்லை. சட்டையெல்லாம் நாவல்பழக் கறை. பக்கத்தில் முறிந்த கிளை. இடப்பக்கம் ஸலாம் கொடுத்துவிட்டுப் பின்னால் திரும்பினேன். சாக்கின்மேல் பலாப்பழத்தின் தோலும் சக்கையும் சிதறிக்கிடந்தன. வண்டி ஜன்னலில் திரை இல்லை. மைமூன் முகம் வெளியே தெரிய நின்றிருந்தாள். பிய்ந்த பச்சைத் திரை அவள் கையில் இருந்தது.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"கரடி தம்பி!" என்றார் கரீம் பாய். "கரடி! உன் முதுகுக்குப் பின்னால! பத்தடிகூட இல்ல!"

"எங்கே?"

"பூட்டுது!"

எனக்கு முதலில் பயம் வரவில்லை. நம்புங்கள். இதையும் பார்க்கவில்லையே என்பதுதான் முதலில் வந்தது. ரெண்டு ரக்அத்தோடு எழுந்தவர் கரடியை முழுசாகப் பார்த்திருக்கிறார். நாலு தொழுதவன் பாறையைப் பார்த்திருக்கிறேன். பயம் பின்னால்தான் வந்தது, முசல்லாவைச் சுருட்டும்போது.

அந்தத் தொழுகையை நான் மறுபடி தொழுதேன். மனசு பலாப்பழத்தில் இருந்த தொழுகையை எப்படி அல்லாஹ்விடம் நீட்டுவது? இந்த முறை வண்டியை ஒட்டி நின்று தொழுதேன். கரீம் பாய் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு தடியோடு காவல் நின்றார். அதையும் சொல்ல வேண்டும்.

பொழுது சாய்ந்து மக்ரிபு தொழுத பிறகு ஜுலைகா அடுப்படியில் இருந்தாள். மைமூன் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா கண்ணை மூடிகினா" என்றாள். "ஒரு கறுப்பு பார்த்தாளாம், அவ்ளோதான். மச்சான் மரத்துல ஏறும்போது முதுகு காட்டிகினு ஏறினாரு. அவரும் சரியாப் பார்க்கல. நான்தான் பார்த்தேன்."

"முழுசாவா?"

"முழுசா. நீங்க அங்க இருந்தீங்களே. நான் எப்படிங்க கண்ணை எடுப்பேன்?"

அப்புறம் அவள் சொன்னாள். உடம்பெல்லாம் சடை. மூஞ்சி மட்டும் சாம்பல் பூசினமாதிரி வெளுப்பு. நகம் தோல் சுரண்டுகிற கத்திமாதிரி வளைவு. நெஞ்சில் வெள்ளையாக ஒரு பிறை. பலாப்பழத்தை ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே விட்டு உறிஞ்சியதாம். இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க எழுந்து நின்னா அது தின்றத விட்டுட்டு தலையைத் தூக்கி உங்களையே பார்க்குது. நீங்க ஸஜ்தாவுக்குப் போனா அதுவும் குனிஞ்சு தின்னுது. நான் கத்தினா திரும்பிடும்னு திரையைப் பல்லால கடிச்சுகினேன். எழுந்திருக்காதீங்க, எழுந்திருக்காதீங்கன்னு அல்லாகிட்ட கேட்டுகினே இருந்தேன். நீங்களும் எழுந்திருக்கவே இல்ல."

நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதை அப்போதே அவளிடம் சொன்னேன். பலாப்பழத்தையும் ரோஷத்தையும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துமுடித்துக் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண் சிரிப்பால் மட்டும் நனைந்தது அல்ல.

"மான் காட்டுறேன்னு சொன்னீங்க. போவட்டும், கரடி காட்டிட்டீங்க" என்றாள்.

மறுநாள் குழந்தையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். கட்டை வைக்கிற வேலை எனக்கேதான். இறங்கும்போதும் ஒரு மயில்கூட என் கண்ணில் படவில்லை.

ஊர் வந்ததும் கரீம் பாய் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டார். தூரம் பத்தாது, சுருக்கியது செல்லாது என்றார் ஹஸ்ரத். கரீம் பாய் அங்கேயே ஒரு ஓரமாக நின்று அந்த அஸரை நாலாகக் கழா தொழுது ஈடுகட்டிவிட்டார். கொஞ்ச நேர வேலை. அவர் விட்ட தொழுகைக்குக் கழா இருக்கிறது. நான் விட்ட கரடிக்கு எங்கே போய்க் கழா செய்வது?

இப்படி நான் புழுங்கிக்கொண்டிருக்கும்போதே கதை ஊரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஜுலைகா பக்கத்து வீட்டில் சொன்னாள், அவர்கள் அடுத்த தெருவில் சொன்னார்கள். பலாப்பழம் முதல் தெருவிலேயே விழுந்துபோனது. பிறை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. தோல்ஷாப்பில் எனக்கு வழிவிட ஆரம்பித்தார்கள். ஒருவர் தண்ணீர் ஓதித்தரக் கேட்டார். "அய்யா, அது பழத்துக்கு வந்த கரடி, நான் பார்க்கக்கூட இல்லை" என்று எல்லாரிடமும் சொன்னேன். "எவ்வளவு அடக்கம் பார்" என்றார்கள்.

ஒரு நாள் கரீம் பாய் பட்டறையில் என்னை உட்காரவைத்து, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வண்டி என்னுது, பழம் எனக்குக் குடுத்தது, கரடியப் பார்த்தது நானு. மரத்துல இருந்து வுழுந்து அதைத் துரத்தினதும் நானு. ஊருல உன் பேரைத்தானே சொல்றானுங்க. எம்பேரை ஒருத்தனாவது சொல்றானா?"

"பழம் உங்களுக்குக் குடுத்ததுதான் பாய். தைலம் யாருது?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அட ஆமா" என்றார். உண்மையாகவே அதுவரை அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் ஒரு பித்தளைக் குழாயும் ஆளும் அனுப்பி, என் வீட்டுக் கூரையில் ஒரு தொட்டி பொருத்திக் கொடுத்தார். தெருக்குழாயிலிருந்து குடத்தில்தான் மேலே ஊற்ற வேண்டும். இருந்தாலும் திறந்தால் வருகிறது. மைமூன் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. இதுவும் ஒரு எரிச்சல், என்ன செய்வது.

இதைப் படிக்கிற சகோதரர்களே, உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். புலியைச் சேர்க்க வேண்டாம். கபுரு கட்ட வேண்டாம், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். தைலத்தை விட்டுவிட வேண்டாம். மரத்தில் ஏறியவரை இறக்கிவிட வேண்டாம். பல்லால் திரையைக் கடித்துக்கொண்டு நின்றவள் ஒருத்தி உண்டு, அவளை மறக்க வேண்டாம். நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவள்தான். நான் பார்க்கவில்லை.

கரடி தலை குனிந்தது உண்மைதான். பலாப்பழம் தரையில் இருந்தது.